கொக்கி வைத்த பெருக்கல் குறி

பிப்ரவரி. நீதிமன்றத்தின் கொதிகலன்
விட்டுவிட்டு இருமியது.
நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் கடல் உறைந்துவிட்டால்
படகுகளுக்குப் போக்கிடம் இல்லை.
எங்களுக்கும்தான்.

மேசையின் அந்தப் பக்கம் ஸ்டக்லெஸ் ஆட்கள்,
இந்தப் பக்கம் நாங்கள், டல்ஸி ரோஸெல்லுக்காக.
நடுவில் நீதிபதி பென்னி,
மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியுடன்.
தேர்தல் இரவில் மூன்று வாக்கு பின்தங்கியிருந்தோம்.
எட்டாவது பெட்டியில் ஒன்று தவறிய கணக்கு.
பதினோராவதின் அடியில் ஒட்டிக் கிடந்த இரண்டும்
எங்களுடையவை.
செவ்வாய் மாலை நாலரைக்குச்
சமம்.

மீதி நான்கு சீட்டுகள், தகராறுச் சீட்டுகள்.

முதலாவதில் வட்டத்துக்குள் குறி,
வட்டத்தைச் சுற்றிக் கோப்பை வைத்த இன்னொரு வட்டம்.
"காபிக்கு வாக்குரிமை கிடையாது" என்றார் பென்னி.
எங்களுக்கு விழுந்தது.

இரண்டாவதை விளக்கடியில் பிடித்தபோது
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஸ்டக்லெஸ்ஸின் வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.
அதன் இடது கால் கீழே இறங்கி,
மனம் மாறியதுபோல் வளைந்து
மேலேறி நிற்கிறது, தூண்டில் முள்ளாக.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கொக்கியைப் பார்க்கிறேன்.
மீன் ஆலையின் பெட்டி மூடிகளில்.
எண்ணெய் நிரப்பிய நாட்களைக் காட்டும் காலண்டரில்.
என் பிறந்தநாள் அட்டையின் அடியில்
முத்தம் என்று அவன் போடும் மூன்றில்.
வின்ச்சில் ஆள்காட்டி விரல் போனதிலிருந்து
பென்சில் அவனுக்கு அப்படித்தான் வழுக்கும்.

ஹெட்லி.
எங்கள் வாசலில் உறைந்த மண்ணைக்
கடப்பாரையால் குத்தி ரோஸெல் பலகையை நட்டவன்.
காற்றில் சாய்ந்தபோது
இரண்டு முறை போய் நிமிர்த்தியவன்.

எங்கள் வக்கீல் ஆன்ஸ்டி எழுந்தார்.
"இது குறியா, மீனா?
போட்டவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால்
சீட்டு செல்லாது. சட்டம் அப்படித்தான்."
பென்னி மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார்.
"இந்தக் கை யாருடையதென்று
இங்கே எவருக்காவது தெரியுமா?"

நேரம் பார்த்துக் கொதிகலன் இருமலை நிறுத்தியது.

தெரியும். அந்த ஒரு சொல் போதும்.
நாலு மாதம் கதவுகதவாக ஏறியிறங்கிய பூட்ஸ்,
ஆஸ்பத்திரியை மூடாதே என்று வாங்கிய கையெழுத்துகள்,
பிரசவ வலியோடு இரண்டரை மணி நேரம்
பனிச்சாலையில் போன டவ் வீட்டுப் பெண்,
எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால்
வரிசை கட்டி நின்றன.
அதைச் சொன்னால்
அட்டைத் தடுப்புக்குள் முதுகைக் குனிந்து
நாலு விரலால் பென்சிலை இறுக்கி
என்னிடம் கேட்காமல் அவன் செய்த
ஒரே காரியத்தை இழுத்து வந்து
இத்தனை பேர் நடுவில் போட வேண்டும்.

பேனா மூடியைத் திருகினேன்.
திறந்தேன். திருகினேன்.

"எவருக்கும் தெரியவில்லை. ஸ்டக்லெஸ்ஸுக்கு."

மூன்றாவதில் "அன்புடன், எஃபி" என்று எழுதியிருந்தது.
யாருக்கு அன்பு என்பது தெரியாமலே செத்தது.
நான்காவதில் ஒரு குறையும் இல்லை.
அதை ஏன் தகராறில் வைத்தார்கள்
என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.
ஸ்டக்லெஸ்ஸுக்கு.

வீட்டுக்குப் போனபோது
காட் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தான்.
"எத்தனையில்?"
"ஒன்றில்."
அடுப்பை அணைத்தான்.
கழுவிய தட்டை மறுபடி கழுவினான்.
பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜன்னலில் இருந்து பார்த்தேன்.
பலகையைப் பிடித்து ஆட்டுகிறான், உதைக்கிறான்,
கட்டிப்பிடித்து இழுக்கிறான்.
மண் அதைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

கதவைக் கொஞ்சம் திறந்து
"பனி உருகட்டும், விடு" என்றேன்.
"மீன் ஆறுது."